மண்டபத்தில் மீந்த சாப்பாடு: தன்னார்வலர்களா, பொது ஃபிரிட்ஜா, பக்கத்து இல்லமா?

கடந்த மூன்றாண்டுகளில் எங்கள் வீட்டில் இரண்டு விசேஷங்கள் நடந்தன. ஒன்று தங்கை மகளின் திருமண வரவேற்பு. மற்றொன்று அப்பாவின் சதாபிஷேகம். இரண்டிலும் சாப்பாட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது; இரண்டிலும் சாப்பாடு மீந்தது. முதல் முறை இரவு பத்தே காலுக்கு ஒரு தன்னார்வ அமைப்பைத் தொலைபேசியில் அழைத்தேன். இரண்டாம் முறை ஒரு வாரத்துக்கு முன்பே அருகிலுள்ள முதியோர் இல்லத்தில் பேசி வைத்துக்கொண்டேன். இவை தவிர, வீட்டில் மீந்ததைப் பொட்டலமாகக் கட்டிச் சென்னை பெசன்ட் நகரின் பொது ஃபிரிட்ஜில் கொண்டுபோய் வைத்த பழக்கமும் உண்டு. மூன்றையும் செய்து பார்த்த பிறகு, நூறு பேருக்கு உட்பட்ட மீதியென்றால் பக்கத்து இல்லத்தோடு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வதே நல்லது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்த முடிவுக்குக் காரணம் செலவோ அலைச்சலோ அல்ல, கடிகாரம்.

சோற்றைக் குப்பையில் கொட்டக் கூடாது என்பதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் வீணாகும் உணவு என்றவுடன் எல்லோரும் கல்யாண மண்டபத்தையே கைகாட்டுவது முழு உண்மையல்ல. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகெங்கும் வீணான 105 கோடி டன் உணவில் 63 கோடி டன் வீடுகளிலிருந்துதான் போயிருக்கிறது. உணவகம், விருந்து முதலியவற்றின் பங்கு 29 கோடி டன், கடைகளின் பங்கு 13 கோடி டன். வீட்டு வீணடிப்பு கரண்டி கரண்டியாக, லட்சக்கணக்கான சமையலறைகளில் சிதறிக் கிடப்பதால் அதைத் திரட்டி இன்னொருவருக்குக் கொடுப்பது அரிது. மண்டபத்தில் அது ஒரே இடத்தில், ஒரே மணி நேரத்தில், அண்டா அண்டாவாக நிற்கிறது. மீட்க முடிவது அங்கேதான் என்பதால் மண்டபத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் பொது ஃபிரிட்ஜைப் பார்த்துவிடலாம். ‘ஐயமிட்டு உண்’ என்ற பெயரில் 2017இல் பெசன்ட் நகரில் தொடங்கப்பட்டது பலருக்கும் தெரிந்திருக்கும். கொடுப்பவரும் எடுப்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்பது இதன் பெரிய நயம்; கையேந்தும் கூச்சம் இல்லாமல் ஒருவர் கதவைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு போகலாம். ஆறு இட்லி, ஒரு டப்பா எலுமிச்சை சாதம், பிரிக்காத ரொட்டிப் பாக்கெட் ஆகியவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நான் வைக்கும் ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் சமைத்த தேதியையும் நேரத்தையும் மார்க்கரில் எழுதிவிடுவேன். ஆனால் விசேஷத்துச் சாப்பாட்டை இங்கே கொண்டுபோக நினைப்பது வீண். ஃபிரிட்ஜ் என்பது குளிர்ந்ததைக் குளிராகவே வைத்திருக்கும் பெட்டி. சுடச்சுட ஒரு வாளி சாம்பாரை உள்ளே வைத்தால் சாம்பாரும் சீக்கிரத்தில் ஆறாது, அதன் சூட்டில் பக்கத்திலிருக்கும் அடுத்தவர் பொட்டலமும் கெடும்.

தன்னார்வ அமைப்புகளின் பலம் வேறு வகையானது. கோயம்புத்தூரில் 2014இல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’, அதே ஆண்டு டெல்லியில் தொடங்கிப் பல ஊர்களுக்குப் பரவிய ‘ராபின் ஹூட் ஆர்மி’ போன்றவை இந்த வேலையை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்துவிட்டன. வண்டி, ஆள், பாத்திரம், எந்தத் தெருவில் எத்தனை பேர் பசியோடு இருப்பார்கள் என்ற விவரம் எல்லாம் அவர்களிடம் இருக்கும், நம்மிடம் இருக்காது. உபரி உணவை மீட்டு வழங்குவதற்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019இல் தனி விதிமுறைகளையே கொண்டுவந்திருக்கிறது. ஐந்நூறு பேர் சாப்பாடு அப்படியே நிற்கிறதென்றால், வேறு யோசனையே வேண்டாம், இவர்களைத்தான் அழைக்க வேண்டும்.

ஆனாலும் அந்த வரவேற்பு இரவு என் மனத்தை மாற்றியது. நானூற்றைம்பது பேருக்குச் சொல்லியிருந்தோம். மாலையில் மழை பிடித்துக்கொண்டதில் முந்நூறு பேர்தான் வந்தார்கள். சமையல் முடிந்தது மாலை ஐந்தரைக்கு. கடைசிப் பந்தி எழுந்தது இரவு பத்துக்கு. பத்தே காலுக்கு அழைத்தேன். அன்று வளர்பிறை முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை. ஊரிலுள்ள எல்லா மண்டபங்களிலும் ஒரே நேரத்தில் பந்தி முடிந்து, எல்லோரும் ஒரே எண்ணை அழைத்திருப்பார்கள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. வேனில் இரண்டு இளைஞர்கள் வந்து இறங்கியபோது மணி பதினொன்றே முக்கால். அது அவர்களுக்கு அன்றைய மூன்றாவது மண்டபம். களைப்பைக் காட்டிக்கொள்ளாமல் ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் திறந்து முகர்ந்தார்கள். கரண்டியை விட்டு அடிவரை கிளறி, தூக்கிப் பார்த்தார்கள். தேங்காய் அரைத்து விட்ட குருமா கரண்டியிலிருந்து மெல்லிய நூலாக இழுத்தது. எங்கள் சமையல் மாஸ்டர் அதற்கு முன்பே சொல்லியிருந்தார்: “தயிர்சாதம் தாங்கும் சார், குருமா தாங்காது.” குருமாவும் சாம்பாரும் மண்டபத்தின் பின்பக்கத் தொட்டிக்குப் போயின. புலாவையும் தயிர்சாதத்தையும் அவர்கள் கொண்டுவந்த பாத்திரங்களுக்கு மாற்ற இன்னும் அரை மணி நேரம் ஆனது. எங்கள் அண்டாக்கள் வாடகைப் பாத்திரக் கடையுடையவை, மண்டபத்தைவிட்டு வெளியே போகக் கூடாதவை. கிளம்பும்போது ஒரு தம்பி சொன்னார்: “வாங்க ஆள் இருக்காங்க அண்ணா, சாப்பிடத்தான் நேரமாயிடுச்சு.” நடைபாதையில் தூங்குகிற ஒருவரை நள்ளிரவு ஒரு மணிக்குத் தட்டி எழுப்பிப் புலாவ் கொடுப்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

இதில் அந்த இளைஞர்களின் குற்றம் எதுவும் இல்லை. ஐந்தரைக்குச் சமைத்ததை ஒரு மணிக்கு ஒருவர் வாயில் வைக்கும்படி ஏற்பாடு செய்தவன் நான்தான்.

சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் வீட்டுச் சமையலறைகளுக்குச் சொல்லும் அறிவுரை. பரிமாறும்வரை சூடாக வைப்பதென்றால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிர்விப்பதென்றால் 5 டிகிரிக்குக் கீழ். இரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் பெருகும். மண்டபத்து அண்டா இந்த இடத்தில் நம்மை ஏமாற்றிவிடுகிறது. தொட்டால் கதகதப்பாக இருக்கிறது, ஆவிகூட மெல்ல எழுகிறது, ஆகவே நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்தக் கதகதப்பே கிருமிகளுக்குத் தோதான சூடு. பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி ஆறுவதற்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால், சிறு பாத்திரத்தைவிட அண்டாவில்தான் இந்த ஆபத்து அதிகம்.

சோற்றுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியில் இருப்பவை, கொதியில் சாகாதவை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே, “ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும்” என்று மண்டபங்களில் சொல்லப்படும் சமாதானம் சோற்றுக்குப் பொருந்தாது. பாட்டி காலத்துப் பழைய சோற்றை இங்கே சாட்சிக்கு இழுப்பவர்கள் உண்டு. அது ஆறிய சோற்றில் தண்ணீர் ஊற்றி, புளிக்கவிட்டு, அந்தப் புளிப்பினாலேயே காக்கப்படும் உணவு. அண்டாவில் மூடிக் கிடந்த புலாவுக்கும் அதற்கும் உறவில்லை. ஊசிப்போனதை மூக்கு காட்டிக்கொடுக்கும். இந்த நஞ்சை மூக்கு காட்டிக்கொடுக்காது. இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு, அந்த இரவு நான் அனுப்பிய புலாவை நினைத்து வெகுநாள் உறுத்தலாகவே இருந்தது.

சதாபிஷேகம் பகல் விசேஷம். ஒரு வாரம் முன்னதாக, மண்டபத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு நேரில் போனேன். பொறுப்பாளர் அம்மையார் சாப்பாடு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்வதற்கு முன் ஒரு கதை சொன்னார். முன்பொரு முறை பகல் ஒரு மணிக்கு யாரோ சொல்லாமல் கொள்ளாமல் அறுபது பேர் சாப்பாட்டை வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் படமெடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்; அதற்குள் இல்லத்தில் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்; இரவு சமையலுக்கு நறுக்கி வைத்திருந்ததையும் வீணாக்க வேண்டாம் என்று, வந்ததைத்தான் கடைசியில் கொட்டினார்களாம். மண்டபத்துக் குப்பைத் தொட்டிக்குப் பதிலாக இல்லத்துக் குப்பைத் தொட்டி நிறைந்தது, அவ்வளவுதான். சொல்லாமல் போகும் சாப்பாடு இன்னொரு அடுப்பில் வெந்ததை மீதியாக்கிவிடும் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

அவர் நான்கு விஷயங்கள் கேட்டார். நாற்பத்திரண்டு பேருக்குப் போதுமான அளவு, முதல் நாள் மாலைக்குள் உறுதியாகத் தெரிய வேண்டும். அப்போதுதான் மறுநாள் உலை வைக்காமல் இருக்க முடியும். பன்னிரண்டு மணிக்குள் வந்துவிட வேண்டும். இலையிலோ வாளியிலோ ஒருமுறை போனது கூடாது, அண்டாவிலிருந்து நேரே எடுத்ததாக இருக்க வேண்டும். “பாயசம் வேண்டாம் சார், பாதிப் பேருக்குச் சர்க்கரை. ரசம் கொஞ்சம் கூடக் குடுங்க.”

ஆகவே கடைசிப் பந்தி முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. சமையல் பத்தரைக்கு முடிந்தது. பதினொன்றரைக்கு, முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருக்கும்போதே, மாஸ்டர் சோறு, சாம்பார், ரசம், இரண்டு காய், அப்பளம் எல்லாவற்றையும் ஐந்து தூக்குச்சட்டிகளில் பிரித்து மூடிக் கொடுத்தார். கூட்டில் தேங்காய் அரைத்து விடுவதற்கு முன்பே இல்லத்துக்கான பங்கை எடுத்துத் தனியே வைத்துவிட்டது அவருடைய சொந்த யோசனை. மைத்துனன் காரில் கொண்டுபோய்ப் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இறக்கினான். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் பெரியவர்கள் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். மாலையில் தூக்குச்சட்டிகள் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தன.

இதற்குப் பெயர் உபரியை மீட்பதா, தானமாகச் சமைப்பதா என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. எங்கள் கணக்கு முந்நூறு பேர். இல்லத்துக்கென்று அதைக் கூட்டவில்லை. பந்தியில் குறைந்துவிட்டால் மானம் போய்விடும் என்ற பயத்தில் சமையல்காரரும் கூட்டிப் போடுகிறார், வீட்டுக்காரரும் கூட்டிச் சொல்கிறார். அந்தப் பயத்தின் அளவுதான் கடைசியில் மீதியாக நிற்கிறது. அதைப் பகல் மூன்று மணிக்குக் கண்டுபிடிப்பதற்குப் பதில் பதினொன்றரைக்கே எடுத்துவிட்டோம். அன்று வந்தவர்கள் இருநூற்று ஐம்பதுக்குச் சற்று மேல். கடைசிப் பந்தியில் பொரியல் மட்டும் போதாமல் போனது, அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் வந்திருந்தால் சங்கடமாகியிருக்கும் என்பதை மறைக்கவில்லை. அதற்காகவே ஐந்து கிலோ அரிசியும் ஓர் அடுப்பும் தயாராக வைத்திருந்தார் மாஸ்டர்.

இல்லத்துக்குக் கொடுப்பதில் குறைகளும் உண்டு. இல்லத்தில் இருப்பவருக்கு நாம் கொடுக்காவிட்டாலும் மூன்று வேளை உண்டு. தெருவில் இருப்பவருக்கு அது இல்லை. பசியின் கடுமையை மட்டும் அளவுகோலாக வைத்தால் தன்னார்வலர்கள் கொண்டுபோகும் சாப்பாடே சரியான இடத்துக்குப் போகிறது. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் எதுவும் நேர்ந்துவிடக் கூடாது என்பதால், வெளியில் சமைத்ததையே ஏற்பதில்லை என்று சொல்லும் இல்லங்களும் உண்டு. நான் முதலில் போன இல்லத்தில் அரிசி மூட்டையாகக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் தவறில்லை. இரவு விருந்துக்கோ இந்த வழி அநேகமாக உதவாது; ஏழு, ஏழரைக்கெல்லாம் இல்லங்களில் சாப்பிட்டுவிடுகிறார்கள். பிரியாணி முதலான அசைவ விருந்தில் எனக்கு அனுபவம் இல்லை, எங்கள் வீட்டு விசேஷங்கள் எல்லாம் சைவம். நான் சொன்ன நேரக் கணக்கை அங்கே இன்னும் இறுக்கித்தான் பிடிக்க வேண்டியிருக்கும் என்று ஊகிக்கிறேன்.

தை மாதம் தம்பி மகனின் வரவேற்பு வருகிறது, மறுபடியும் இரவு. இல்லத்துக்கு வழியில்லை என்பதால் தன்னார்வலர்களிடமே போகிறேன், ஆனால் இந்த முறை பத்தே காலுக்கு அல்ல. தேதியும் மண்டபமும் உத்தேச எண்ணிக்கையும் இப்போதே சொல்லியாயிற்று. எட்டே முக்காலுக்குக் கூடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு ஒன்பதுக்குள் அழைக்க வேண்டும் என்பது பேச்சு. குருமாவை இரண்டு தவணையாகச் செய்யவும், இரண்டாம் தவணைக்குத் தேங்காயைக் கூட்டம் பார்த்து அரைக்கவும் மாஸ்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பாத்திரக் கடையில் ஆறு தூக்குச்சட்டிகள் கூடுதலாகச் சொல்லி, அவை மறுநாள்தான் திரும்பி வரும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.