கார்டெக்ஸ் அட்டையிலிருந்து கோஹாவுக்கு: ஆறு ஆண்டு அனுபவம்

எங்கள் நிறுவன நூலகம் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளுக்கு மாறி ஆறு ஆண்டு முடிந்துவிட்டது. பஞ்சாலை இயந்திரங்கள் வடிவமைக்கும் இடம் என்பதால் இங்கே புத்தகங்களைவிட ஆய்விதழ்களே அதிகம். 1960களிலிருந்து ஆண்டுவாரியாக பைண்டு செய்த தொகுதிகள் அலமாரி அலமாரியாக நிற்கின்றன.

கோஹா, நியூசிலாந்தில் ஒரு பொது நூலக அமைப்புக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருள். மவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. எனக்கு இதில் பெரிதும் பிடித்தது இதழ்ச் சந்தா பகுதி. முன்பெல்லாம் எந்த இதழ் வரவில்லை என்று பார்க்க, மாதக் கடைசியில், இதழ் வரவைக் குறித்துவைக்கும் கார்டெக்ஸ் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டுவோம். இப்போது மாத இதழா, காலாண்டிதழா என்று ஒருமுறை பதிந்துவிட்டால், அடுத்து வரவேண்டிய எண்ணையும் தேதியையும் அதுவே கணித்து வைக்கிறது. தாமதமானால் முகவருக்கு அங்கிருந்தே நினைவூட்டல் அனுப்பலாம். ஒரு குறை உண்டு. 7, 8 என இரண்டு இதழ்களைச் சேர்த்து ஒன்றாக வெளியிட்டால் கணக்கு குழம்பும். கையால்தான் திருத்த வேண்டும்.

அடுத்து, பழைய தொகுதிகளை மின்வடிவாக்க நினைத்தோம். ஸ்கேன் செய்யும் முன் சட்டத்தைப் படித்தது நல்லதாகப் போயிற்று. அச்சுப் பிரதி கைவசம் இருந்தால் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்துக்கொள்ளலாம் என்று நம் பதிப்புரிமைச் சட்டம் தரும் சலுகை, வணிக நோக்கற்ற பொது நூலகங்களுக்குத்தான். கம்பெனி நூலகத்துக்குப் பொருந்தாது. அதனால் எங்கள் சொந்த ஆய்வறிக்கைகளையும், எழுத்தில் அனுமதி கிடைத்த இதழ்களையும் மட்டுமே எடுத்தோம்.

வேலையை வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்தோம். பக்கங்கள் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவாகவே வந்தன. ஆனால் மடித்து ஒட்டியிருந்த பெரிய வரைபடத் தாள்களைப் பிரிக்காமல் அப்படியே ஸ்கேன் செய்திருந்தார்கள். ஒரு ஸ்பின்னிங் பிரேம் வரைபடத்தில் கால்வாசிதான் தெரிந்தது. பொறியாளர்கள் எங்களைத் தேடி வருவதே அந்தத் தாள்களுக்காகத்தான்! ஒப்பந்தத்தில் அதை ஒரு வரியாக எழுதாமல் விட்டது என் தவறு. நீங்கள் கட்டாயம் எழுதுங்கள்.

கோப்புப் பெயர்களும் வெறும் வரிசை எண்களாக இருந்தன. ஐஎஸ்எஸ்என் (ஆய்விதழ்களுக்கான எட்டு இலக்க அடையாள எண்), ஆண்டு, தொகுதி, இதழ் என்ற வரிசையில் எல்லாவற்றையும் மாற்றினோம். ஐஎஸ்எஸ்என்னின் எட்டாவது இலக்கம் முதல் ஏழையும் வைத்துக் கணக்கிடப்படுவது. அதனால் தட்டச்சுப் பிழைகளை ஒரு சின்ன எக்செல் சூத்திரமே பிடித்துக் கொடுத்தது.

ஸ்கேன் படத்திலுள்ள எழுத்துகளைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் எழுத்துணரிக்கு டெசராக்ட் மென்பொருள். ஆங்கில உரைநடையை நன்றாகப் படிக்கிறது. அட்டவணையும் சமன்பாடும் வந்தால் தடுமாறுகிறது. எனவே கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர் பெயர், பக்க எண் மூன்றையும் கையாலேயே தட்டச்சு செய்தோம். பதினான்கு மாதம் பிடித்தது. இன்று பெரும்பாலான தேடல்கள் அந்த மூன்றை வைத்துத்தான் நடக்கின்றன.

அப்புறம் அந்த மடித்த தாள்கள். வரைபடப் பிரிவின் பெரிய ஸ்கேனர் மாலையில் சும்மா இருக்கும்போது நாங்களே ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி எடுத்துவருகிறோம். இப்போது 1974ஆம் ஆண்டுத் தொகுதியில் இருக்கிறோம்.