15 செ.மீ. ஆழத்தில் 684 கேம்கள்: என் அலமாரி, ஆசாரி, ஒரு மைக்கா கணக்கு

என்னிடம் 684 வீடியோ கேம்கள் இருக்கின்றன. எல்லாமே டிஸ்க்கும் கார்ட்ரிட்ஜுமாக, டப்பாவோடு. போன வருஷம் வரை பாதி பரணில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தன, மீதி ஒரு ரெடிமேட் ரேக்கில் இரண்டு வரிசையாக முன்னும் பின்னும் அடைந்து கிடந்தன. பின்வரிசையில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஒரே கேமை இரண்டாம் முறை வாங்கி வந்து வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்றுதான் அலமாரி செய்வதென்று முடிவெடுத்தேன்.

அந்த ரெடிமேட் ரேக்கைப் பற்றி நாலு வரி. பார்ட்டிக்கிள் போர்டு, மூன்றரை அடி அகலத்துக்கு நடுவில் தாங்கல் கிடையாது. ஆறு மாதத்தில் பலகை ஊஞ்சல் மாதிரி தொங்கிவிட்டது. பலகையின் நீளம் இரண்டு மடங்கானால், அதே எடைக்கு வளைவு எட்டு மடங்கு ஆகும். இதை விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடிப்பலகை மாப் போடும் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஊத்தப்பம் போல உப்பிவிட்டது. காயலான் கடைக்காரர்கூட அதை எடுத்துக்கொள்ளவில்லை.

வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் பலர் ஐகியாவின் பில்லி அலமாரியைத்தான் வாங்குகிறார்கள். அதன் ஆழம் 28 செ.மீ. கேம் டப்பாவின் அகலமோ பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) ஆனாலும் பிஎஸ்5 ஆனாலும் 13.5 செ.மீ.தான். அதாவது பாதி அலமாரி காற்றுக்கு. அந்தக் காற்றில் நாம் இரண்டாவது வரிசையை அடுக்குவோம், மறுபடியும் பின்வரிசை கண்ணில் படாது. ஆகவே 15 செ.மீ. ஆழத்தில் செய்தாக வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செய்து கொடுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. மாடுலர் ஃபர்னிச்சர் விற்கும் இரண்டு இடங்களில் கேட்டேன். "எங்க ஸ்டாண்டர்ட் ஆழம் ஒரு அடி சார்" என்று இருவருமே ஒரே குரலில் சொன்னார்கள்.

கடைசியில் அயனாவரத்தில் ஒரு சின்னப் பட்டறை. வயது அறுபதை ஒட்டிய ஆசாரி, கூட ஒரு பையன், ஒரு கட்டிங் மெஷின், அவ்வளவுதான். பெயரைக் கேட்டு யாரும் செய்தி அனுப்ப வேண்டாம். குறையும் எழுதப்போகிறேன், தவிர "இருக்கிற வேலையே மூணு மாசத்துக்கு நிக்குது, ஆள் எதுவும் அனுப்பாதீங்க தம்பி" என்று அவரே சொல்லிவிட்டார்.

நான் வரைந்துகொண்டு போன படத்தை அவர் பார்க்கவே இல்லை. "சுவர் அளவு அப்புறம். வைக்கிற சாமானைக் கொண்டாங்க, அதைப் பாத்துட்டுப் பேசலாம்" என்றார். மறுநாள் வகைக்கு ஒன்றாக ஒரு பையில் போட்டு எடுத்துப்போனேன். அவர் எல்லாவற்றையும் கேசட் என்றுதான் சொல்வார், நானும் திருத்தவில்லை. பெஞ்சில் வரிசையாக நிறுத்தி, காதில் இருந்த பென்சிலை எடுத்து ஒரு துண்டு பிளைவுட்டில் அளவுகளை எழுதினார். பிஎஸ்2, எக்ஸ்பாக்ஸ் 360, நின்டெண்டோ வீ மூன்றும் 190 மி.மீ. உயரம். பிஎஸ்3, பிஎஸ்4, பிஎஸ்5 மூன்றும் 171. நின்டெண்டோ ஸ்விட்ச் 170 உயரம், ஆனால் ஆழம் 105 மட்டுமே. பிஎஸ்1 சிடி டப்பா குள்ளம், 125தான், ஆனால் ஆழம் 142.

இந்தக் கடைசி எண்ணை அவர்தான் கண்டுபிடித்தார். விளிம்புக்குப் பக்கத்தில் டப்பாக்கள் ஒரே கோட்டில் நிற்க, ஒவ்வொரு தட்டின் பின்பக்கமும் ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) ஒட்டச் சொல்லியிருந்தேன். 150 ஆழத்தில் 10 மி.மீ. ரீப்பர் போனால் மிச்சம் 140. "அப்ப இந்தக் குட்டைக் கேசட்டு ரெண்டு மில்லி வெளிய மூக்கை நீட்டும், அந்தத் தட்டுக்கு ரீப்பர் வேணாம்" என்றார். ஸ்விட்ச் தட்டுக்கு மாறாக 40 மி.மீ. கட்டை. நான் மூன்று மாதம் கணினியில் படம் போட்டிருக்கிறேன், இது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது சண்டை. எட்டு அடிச் சுவரை மூன்று கண்ணறையாகப் பிரித்தோம். இடது கண்ணறையில் 190 டப்பாவுக்கு 215 மி.மீ. இடைவெளி, ஆறு தட்டு. நடுவில் 171 டப்பாவுக்கு 195 இடைவெளி, ஏழு தட்டு. அப்படியானால் பக்கத்துப் பக்கத்துத் தட்டுகள் ஒரே மட்டத்தில் வராது. அவருக்கு அது பொறுக்கவில்லை. "பாக்கிறவன் லெவல் தெரியாத ஆசாரி செஞ்சதுன்னு சொல்வான்" என்றார். ஒரு தட்டு கூடுதலாகக் கிடைக்கிறதே, அதில் 56 கேம் நிற்குமே என்று கெஞ்சினேன். ஒரு டீ குடித்து முடிக்கும் வரை பேசவே இல்லை. பிறகு அவராகவே, "அதுவும் நல்லதுதான். ரெண்டு பக்கத் தட்டும் ஒரே மட்டம்னா நடுப்பலகையில ஸ்க்ரூ எங்க போடறது? ஏறி இறங்கி இருந்தா ஒவ்வொண்ணுக்கும் அந்தப் பக்கத்துல இருந்து நேரா ஸ்க்ரூ போடலாம்" என்றார். தோற்றதை ஒப்புக்கொள்வதற்கு இதைவிட அழகான வழி உண்டா என்று தெரியவில்லை.

பொருள்: 710 கிரேடு (தண்ணீர் தாங்கும்) பிளைவுட், 18 மி.மீ.யில் மூன்று ஷீட், பின்பலகைக்கு 6 மி.மீ.யில் இரண்டு. அடியில் இரண்டடி உயரத்துக்கு 40 செ.மீ. ஆழமுள்ள கதவு வைத்த பெட்டி, கன்சோல்களும் வயர்களும் அதற்குள். அதற்கும் கீழே நாலு அங்குலம் காலி, மாப் போக. மேல்பாகம் ஒல்லியாக இருப்பதால் சுவரில் ஆறு இடத்தில் எல் ஆங்கிள் அடித்தார். முன்விளிம்புக்குத் தேக்கு பீடிங். ஒவ்வொரு கண்ணறையும் 79 செ.மீ.க்குள்தான் என்பதால் இதுவரை ஒரு தட்டும் தொங்கவில்லை. கூலி, மைக்கா (பலகைமேல் ஒட்டும் மெல்லிய அலங்காரத் தகடு), லைட் எல்லாம் சேர்த்து 64,000 ரூபாய் ஆனது. மலிவு இல்லை.

இனி குறை. பத்து நாளில் முடியும் என்றார், 33 நாள் ஆனது. நடுவில் தீபாவளி, மழை, பையனுக்குக் காய்ச்சல். ஃபோன் செய்தால் "நாளைக்கு வந்திடறேன் தம்பி" என்பார், அந்த நாளை எந்த நாளை என்று கேட்கக் கூடாது. ஹாலில் மரத்தூளோடு குடும்பம் நடத்தினோம்.

அதைவிடப் பெரியது மைக்கா. தட்டின் இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டினால் 18 மி.மீ. பலகை 20 ஆகிவிடும். நாங்கள் இருவருமே 18 என்றே கணக்கு போட்டிருந்தோம். தட்டுக்கு 2 மி.மீ. ஒன்றுமே இல்லைதான். ஆனால் நடுக் கண்ணறையின் ஏழு வரிசைக்கு இடையே ஆறு பலகை, மேலும் கீழும் ஒவ்வொரு பக்கம், எல்லாம் சேர்ந்து 14 மி.மீ. அவ்வளவும் கடைசி வரிசையின் தலையில் விடிந்தது. 195 இருக்க வேண்டிய இடத்தில் 181. பிஎஸ்4 டப்பா உள்ளே போகிறது, ஆனால் மேலே 10 மி.மீ. சந்துதான், எடுக்க விரல் நுழையாது. முதல் நாள் ஒரு டப்பாவை எடுக்க ஸ்பூனால் நெம்பினேன். அவரைக் கூப்பிட்டுக் காட்டினால், விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இது என் தப்பு" என்றார். பாதி என் தப்பு, படம் நான் போட்டது. பிரித்து மறுபடி செய்கிறேன் என்றவரை நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். அந்த வரிசையில் இப்போது சீல் பிரிக்காத பிரதிகள் நிற்கின்றன, அவற்றை எடுக்க வேண்டிய தேவையே இல்லை. கூலியில் 1,500 குறைத்துக்கொண்டார், நான் கேட்கவில்லை.

செய்யப் போகிறவர்கள் முதலில் மைக்காவைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதன் கனத்தையும் சேர்த்துத் தட்டைப் பிரியுங்கள். மேட் மைக்காவாகப் பாருங்கள், பளபளப்பானதை வாங்கினால் லைட் முழுக்க அதில்தான் தெரியும். எல்இடி ஸ்ட்ரிப் 3000 கெல்வின் போட்டேன். வெள்ளை லைட்டில் பிஎஸ்4 நீலமும் எக்ஸ்பாக்ஸ் பச்சையும் மருந்துக்கடை மாதிரி இருந்தன. மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தயவுசெய்து தவிருங்கள். என் பழைய ரேக் அங்கேதான் இருந்தது. முதுகில் இருந்த சிவப்பும் மஞ்சளும் வெளுத்து, நீலம் மட்டும் மிஞ்சிய நாற்பது டப்பா என்னிடம் இருக்கின்றன. ஒட்டு வாடை போகக் கதவுகளைத் திறந்து இரண்டு வாரம் காலியாகவே விட்டேன். சென்னை ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலமும் தட்டுக்கு ஒன்று வைத்திருக்கிறேன். டப்பாவுக்குள் இருக்கும் மேனுவல் என்றால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து.

கண்ணாடிக் கதவு போடச் சொன்னார், 14,000 மிச்சம் என்று மறுத்தேன். இப்போது ஞாயிறுதோறும் பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுகிறேன். அதில் அவர் சொன்னதே சரி.

அடுக்கும் நாளில் அவரும் இருந்தார். நான் இடது கண்ணறையின் அடித்தட்டில் வைத்த ஒன்றை எடுத்து மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். 2009இல் வந்த ஹனுமான்: பாய் வாரியர், இந்தியாவில் உருவாக்கிய முதல் பிஎஸ்2 கேம் என்று சோனி வெளியிட்டது. விளையாட ரொம்பச் சுமார், வரலாற்றுக்காக வைத்திருக்கிறேன். "அனுமாரைக் கொண்டுபோய்க் கீழ வைப்பாங்களா?" என்று ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டின் வலது ஓரத்தில் அவரே வைத்தார். அகர வரிசைப்படி அது அடித்தட்டில்தான் இருக்க வேண்டியது. மாற்றவில்லை.

போகும்போது மிஞ்சிய மைக்காவைச் சுருட்டிக் கட்டி, முக்கால் ஷீட் பிளைவுட்டோடு பரணில் ஏற்றினார். எடுத்துட்டுப் போங்க அண்ணே, எனக்கு எதுக்கு என்றேன். நடுக் கண்ணறையில் காலியாக இருந்த ஒன்றரைத் தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் இதே கலர் கிடைக்காது தம்பி" என்றார்.