பிரீஸ்டைலா, கிரீகோ ரோமனா?

மேலூரில் இருக்கும் என் அக்கா மகனுக்கு 19 வயது, 118 கிலோ. “மாமா, மல்யுத்தத்தில் இந்த இரண்டு வகையில் எதில் இறங்கட்டும்?” என்று கேட்கிறான்.

பிரீஸ்டைலில் காலைப் பிடித்து வீழ்த்தலாம். ஒலிம்பிக் மல்யுத்தத்தில் இந்தியா வாங்கிய பதக்கம் அத்தனையும் இதில்தான், 1952-ல் கே.டி. ஜாதவ் தொடங்கி வைத்தார். ஆனால் பாய்ந்து காலைப் பிடிக்கும்போதெல்லாம் இவ்வளவு கனத்தையும் முழங்கால்தான் தாங்க வேண்டும். பையனுக்கு இப்போதே வலது முட்டி வலிக்கிறது.

கிரீகோ ரோமனில் இடுப்புக்குக் கீழே பிடிக்கவே கூடாது, காலால் தட்டிவிடவும் கூடாது. எல்லாம் நெஞ்சும் தோளும் கைப்பூட்டும்தான். எடை உச்சவரம்பும் 130 கிலோ, பிரீஸ்டைலில் 125. கியூபாவின் மிஹைன் லோபஸ் 2008 முதல் 2024 வரை தொடர்ந்து ஐந்து ஒலிம்பிக் தங்கம் வென்றது கிரீகோ ரோமனில்தான். பாரிஸில் கடைசித் தங்கம் வாங்கும்போது அவருக்கு வயது 41. ஜெயித்ததும் காலணிகளைக் கழற்றி விரிப்பின் நடுவில் வைத்துவிட்டு விடைபெற்றார். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போன வாரம் இவன் பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்து விரல்களைக் கோத்துக்கொண்டான். பூட்டை என்னால் அவிழ்க்கவே முடியவில்லை. சரி, கிரீகோ ரோமனே எடு என்று சொல்லிவிட்டேன். அப்புறம், மோதிப் பழக அவன் எடைக்கு ஒரு ஜோடி தேட வேண்டும்.