முட்டைக் கோழிக்குக் கால்சியம்: டானிக் பாட்டிலா, கிளிஞ்சல் மூட்டையா?

ஓடு கெட்டிப்படாத தோல்முட்டை நாலு வந்தாலே கை நீள்வது கால்சியம் டானிக் பாட்டிலுக்குத்தான். வாங்குமுன் லேபிளை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மி.லி.யில் 80 மி.கிராம் கால்சியம், 100 கோழிக்கு நாளைக்கு 20 மி.லி. என்று போட்டிருந்தால், ஒரு கோழிக்குப் போய்ச் சேர்வது 3.2 மி.கிராம். ஒரு முட்டை ஓட்டில் மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்பதில் பாதிதான் ஓட்டுக்குப் போகும் என்பதால் தினசரித் தேவை 4 கிராம். பாட்டில் தருவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அப்படியானால் டானிக் கொடுத்ததும் சில பண்ணைகளில் ஓடு தேறுவது எப்படி? அதில் உள்ள வைட்டமின் டி3தான் காரணம். டி3 இல்லாவிட்டால் குடலில் இருக்கும் கால்சியம் ரத்தத்தில் ஏறாது. வெயிலில் கிடந்த பழைய பிரீமிக்ஸ் (வைட்டமின், தாதுக் கலவை) போட்ட தீவனத்தில் டி3 வீரியம் குறைந்திருக்கும். அந்தக் குறையைத்தான் பாட்டில் தீர்க்கிறது. எனவே டானிக்கை டி3 மருந்தாக நினைத்து நாலைந்து நாள் கொடுக்கலாம், மாதக்கணக்கில் ஊற்றுவது வீண். இனிப்புச் சேர்த்த டானிக் என்றால் கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் குழாய்க்குள் வழவழப்புப் படலம் பிடிக்கும். கலந்த தண்ணீரை அரை நாளுக்குள் தீர்த்து, குழாயைக் கழுவி விடவேண்டும்.

கிளிஞ்சல் கிரிட், அதாவது உடைத்த கிளிஞ்சல் ஓட்டுத் துண்டு, அதன் கதை வேறு. அதில் சுமார் 38% கால்சியம். ஆனால் மதிப்பு அதன் பருமனில்தான் இருக்கிறது. ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் பிடிக்கிறது, அதில் பெரும்பகுதி இரவு. அப்போது கோழி தீவனம் எடுப்பதில்லை. மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் அதற்குள் குடலைத் தாண்டிப் போயிருக்கும்; 2 முதல் 4 மி.மீ. துண்டு அரைவைப்பையில் தங்கி விடியும்வரை கரையும். அது இல்லாத கோழி தன் எலும்பை அதிகமாகக் கரைத்துத்தான் ஓடு கட்டும்.

தீவனத்தில் 3.5% கால்சியம் இருந்து கோழி 110 கிராம் தின்றால் 3.85 கிராம் கிடைக்கும். வெக்கையில் தீனி 90 கிராமாக இறங்கினால் 3.15 கிராம்தான். ஒரு கோழிக்கு 2 கிராம் கிளிஞ்சல் போட்டால் 0.76 கிராம் ஏறிக் கணக்கு நேராகிவிடும். 100 கோழிக்கு 200 கிராம், விளக்கு அணைய மூன்று நான்கு மணி நேரம் முன்பு. காலையில் போட்டால் பலன் குறைவு. அதிகமாகப் போட்டாலும் ஆபத்து: தீனி எடுப்பது குறையும், பாஸ்பரஸ் சேராது, ஓட்டில் மணல்மணலாகப் புள்ளி தட்டும். முட்டைக்கு வராத வளர்பருவக் கோழிக்கு முட்டைக் கோழியின் அளவில் கால்சியம் கொடுத்தால் சிறுநீரகத்தையே கெடுக்கும்.

கலப்படம் உண்டு. ஒரு பிடி கிரிட்டை வினிகரில் போடுங்கள். நுரை பொங்கினால் சுண்ணாம்பு, சும்மா கிடந்தால் வெறும் கல்.

பலன் கிடைத்ததா என்று பார்க்க உப்புக் கரைசல் போதும். 1 லிட்டர் தண்ணீரில் சுமார் 125 கிராம் உப்பு, ஹைட்ரோமீட்டரில் (அடர்த்தி அளக்கும் கருவி) 1.080 காட்ட வேண்டும். அன்று இட்ட முட்டையைப் போட்டால் நல்ல ஓடு மூழ்கும், மெல்லிய ஓடு மிதக்கும். பழைய முட்டையைச் சோதிக்காதீர்கள், உள்ளே காற்றறை பெருத்துத் தானாகவே மிதக்கும். கிளிஞ்சல் போடுமுன் 30 முட்டை, போட்டு இரண்டு வாரம் கழித்து 30 முட்டை சோதித்து ஒப்பிடுங்கள்.

மஞ்சள்கருவுக்கு விற்கும் செண்டுமல்லிப் பூப்பொடி சொன்னதைச் செய்கிறது; பத்து நாளில் நிறம் ஏறும். நிறம்தான் ஏறும், அதைச் சத்து என்று விற்பதுதான் தப்பு. நீர்த்த வெள்ளைக்கருவுக்கு எந்தப் பொடியையும் நம்பி வாங்கவேண்டாம். கோழிக்கு வயது ஏறியதாலோ, முட்டை பல நாள் வெளியே இருந்ததாலோதான் பெரும்பாலும் அப்படி ஆகிறது. வெள்ளை நீர்த்து, ஓடும் சுருக்கம் விழுந்து வந்தால் அது ஐ.பி. எனும் தொற்று மூச்சுக்குழாய் நோயாக இருக்கலாம். அங்கே கிளிஞ்சலும் டானிக்கும் உதவாது, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.