முத்தா, சந்திரகாந்தக் கல்லா?

சாதகத்தில் சந்திரன் பலமில்லை, மனசு அலைபாயும், முத்து போடுங்கள் என்று ஹட்டன் பக்கம் சாத்திரக்காரர் சொன்னால், வசதியில்லாதவர்கள் அதற்குப் பதிலாகக் கேட்பது சந்திரகாந்தக் கல்லைத்தான் (மூன்ஸ்டோன்).

சரித்திரம் என்று பார்த்தால் முத்துதான். மன்னார்க் கடலில், அரிப்பு, சிலாவத்துறைப் பக்கம் ரோமர் காலத்துக்கும் முந்தியே முத்துக் குளித்திருக்கிறார்கள், 1905 இல் மட்டும் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். இன்றைக்குக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் சீனாவில் வளர்த்த முத்து. சித்த வைத்தியத்தில் உடல் சூட்டுக்கு முத்துப் பற்பம் (முத்தைப் புடமிட்டு எடுக்கும் தூள்) கொடுப்பார்கள். ஆனால் முத்து என்பது கல்சியம் காபனேற்று, அது மோதிரத்திலிருந்து உடம்புக்குள் இறங்காது.

சந்திரகாந்தக் கல் அம்பலாங்கொடைக்குப் பக்கத்து மீட்டியாகொடையில் தோண்டுவது. நீல ஒளி ஓடும், விலையும் குறைவு. தூக்கம் வரும், கோபம் தணியும் என்பதெல்லாம் நம்பிக்கைதான், இரண்டுக்குமே.

சரி, எதை வாங்குவது? கொழுந்து பறிக்கிற கைக்கு முத்து மோதிரம் வேண்டவே வேண்டாம், வியர்வையிலும் தேசிக்காய்ப் புளியிலும் அதன் பளபளப்பு போய்விடும். காதுக்கு என்றால் முத்து, விரலுக்குக் கல். அந்தக் கல்லும் பலமாக அடிபட்டால் பிளக்கும்.