விலகிப் போகக் கற்றுத்தரும் வகுப்பு: அல்சூர் ஒருநாள் தற்காப்புப் பயிற்சி

பெங்களூரில் தற்காப்புக் கலை சொல்லித்தரும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பலவும், எதிரில் நிற்பவன் கையை ஓங்கிவிட்ட பிறகு என்ன செய்வது என்பதிலிருந்துதான் பாடத்தைத் தொடங்குகின்றன. அல்சூர் ஏரிக்குப் பக்கத்திலுள்ள ஒரு கராத்தே பள்ளி, பெரியவர்களுக்கென்று ஞாயிற்றுக்கிழமையில் நடத்தும் ஒருநாள் வகுப்போ அதற்கு முந்தைய அரை நிமிடத்தைப் பாடமாக எடுத்துக்கொள்கிறது. முன்பின் தெரியாத ஒருவன் கூச்சலிட்டுக்கொண்டு நம்மை நோக்கி வரும்போது எப்படி நிற்பது, என்ன பேசுவது, எந்தக் கணத்தில் பேச்சை விட்டுவிட்டு நகர்ந்துவிடுவது என்பதிலேயே முற்பகல் முழுவதும் கழிகிறது. மதியச் சாப்பாடு சேர்த்து 1,500 ரூபாய் வாங்குகிறார்கள். முற்பகலுக்கு அந்தப் பணம் தகும். பிற்பகலைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சொல்லித்தருபவர் அல்சூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஐம்பதைத் தாண்டியவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே அழைக்கிறார்கள். வம்புக்கு வருபவர்களை அவர் முதலில் இரண்டாகப் பிரிக்கிறார். ஒருவனுக்கு நம்முடைய பையோ கைப்பேசியோ வேண்டும். அவனிடம் வாதாடாமல் பொருளைக் கொடுத்துவிட்டு வீடு போய்ச் சேர வேண்டும். மற்றவனுக்கு நம்மிடமிருந்து ஒரு பொருளும் வேண்டாம். நாலு பேர் பார்க்கத் தன் மானம் போய்விட்டது என்று நினைக்கிறான், அது அவனுக்குத் திரும்பக் கிடைத்தாக வேண்டும். சில்க் போர்டு, டின் ஃபேக்டரி போன்ற நெரிசலான சந்திப்புகளில் வண்டிக் கண்ணாடி உரசியதற்காக நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகை. தப்பு யாருடையது என்று அவனிடம் நிரூபிக்க முனைந்தால், அவன் கௌரவமாகத் திரும்பிப் போவதற்கு இருந்த ஒரே வழியையும் நாமே அடைத்துவிடுகிறோம் என்று மாஸ்டர் விளக்கியபோது, உணவு டெலிவரி செய்யும் இளைஞர் ஒருவர் பலமாகத் தலையாட்டினார்.

இதோடு நிறுத்தியிருந்தால் வகுப்பு வெறும் பிரசங்கமாகப் போயிருக்கும். அதன் உயிர் அடுத்து வரும் பயிற்சியில் இருக்கிறது. மாஸ்டரின் உதவியாளர், நெஞ்சுக்கும் தலைக்கும் காப்பு அணிந்த ஆறடி ஆள், கூடத்தின் மறுகோடியிலிருந்து கெட்ட வார்த்தை பேசிக்கொண்டே வேகமாக நம்மிடம் வருவார். நாம் இரண்டு கைகளையும் மார்பு உயரத்தில், உள்ளங்கை அவரைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, ஒரு காலைப் பின்னால் ஊன்றி, உடம்பைச் சற்றுத் திருப்பி நிற்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது சமாதானம் பேசும் கை. அடி விழுந்தால் தடுப்பதற்கும் அதே கை தயாராக இருக்கும். குரலை அவர் குரலுக்குக் கீழேயே வைத்து, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியபடி, இருவருக்கும் நடுவே இரண்டு கை நீளம் குறையாமல் பின்வாங்கி வாசலை அடைய வேண்டும். போதிய இடைவெளி கிடைக்கும்வரை முதுகைக் காட்டக் கூடாது.

படிக்கும்போது இது சுலபமாகத் தெரியும். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி, அங்கிருந்தவர்களிலேயே அமைதியானவர், பிசகில்லாமல் பின்வாங்கி வாசலுக்கு வெளியே வந்துவிட்டார். அப்போது உதவியாளர், "போ, போ, பயந்தாங்கொள்ளி" என்றதும் சட்டென்று நின்று, "யாருடா பயந்தாங்கொள்ளி?" என்று திரும்பினார். எல்லோரும் சிரித்தோம், மாஸ்டர் சிரிக்கவில்லை. "அம்மா, நீங்க கதவைத் தாண்டிட்டீங்க. அவன் சொன்னது காதுல விழுந்தா விழட்டும், கால் ஏன் நின்னுச்சு?" என்று கேட்டுவிட்டு, அதே காட்சியை முதலிலிருந்து நடத்தினார். கிளம்பும் நேரத்தில் முதுகுக்குப் பின்னால் வந்து விழும் அந்தக் கடைசி வசவைக் கேட்டும் நிற்காமல் நடப்பதைத் தனிப் பயிற்சியாகவே வைத்திருக்கிறார்கள். குத்துக்கும் உதைக்கும் உடம்பைப் பழக்குவதுபோல இதற்கும் பழக்க வேண்டும் என்ற இந்த அணுகுமுறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பேச்சு இனிப் பயன்படாது என்பதற்கான அடையாளங்களையும் நன்றாகச் சொல்லித்தருகிறார்கள். கத்திக்கொண்டிருந்தவன் திடீரென்று அமைதியாவது, நம்மை விட்டுவிட்டு அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று நோட்டம் விடுவது, கைக்கடிகாரத்தைக் கழற்றுவது, தாடையை இறுக்கிக்கொண்டு ஒரு காலைப் பின்னால் இழுப்பது ஆகியவற்றில் எது தென்பட்டாலும், சொல்ல வந்ததை முடிக்காமலேயே கிளம்பிவிட வேண்டும். பயத்திலும் கோபத்திலும் சுரக்கும் அட்ரினலின் ஏறும்போது பார்வை குறுகும், விரல்கள் தடுமாறும். கைப்பேசியைத் திறப்பதுகூட அப்போது கடினம். ஆகவே வெளியேறும் வழியை முன்கூட்டியே பார்த்து வைக்கச் சொல்கிறார்கள்.

நம் சாலைகளுக்கென்றே சொன்ன குறிப்புகள் எனக்கு மிகவும் பிடித்தன. பைக்கில் வருபவனோடு சண்டைக்கு வருகிறவன் முதலில் கைவைப்பது வண்டிச் சாவியில்தான் என்பதால், நிற்க வேண்டி வந்தால் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது. காரில் போகிறவர்கள், முன்னால் நிற்கும் வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடுவது தெரிகிற அளவுக்கு இடம் விட்டு நிறுத்தினால், ஸ்டியரிங்கை ஒடித்து வெளியே வர முடியும். பின்தொடர்ந்து வந்தால் வீட்டுப் பக்கம் போகாமல், 112 என்ற அவசர உதவி எண்ணை அழைத்துவிட்டு, காவல் நிலையத்துக்கோ ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்குக்கோ போக வேண்டும். கைப்பேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டிப் படம் பிடிப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றும் வேலை.

மொழியைப் பற்றியும் மாஸ்டர் ஒளிவுமறைவின்றிப் பேசினார். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரியை முன்வைத்து நடந்த கலவரங்களை இங்கேயே இருந்து பார்த்தவர் அவர். "சாரி சார், கொத்தாகலில்லா, பிடி சார்" (தெரியாமல் நடந்துவிட்டது, விடுங்கள் சார்) என்று கன்னடத்தில் ஆரம்பித்தால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும் என்றும், கோபத்தில் தமிழில் ஒரு வார்த்தையை விட்டால் கண்ணாடி உரசியதற்கான தகராறு ஊர்த் தகராறாக மாறக்கூடும் என்றும் சொன்னார். மன்னிப்புக் கேட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடாதா என்று ஒருவர் விடாமல் வாதாடினார். நல்லவேளையாகச் சாப்பாட்டு மணி அடித்தது.

பிற்பகலில் வகுப்பு தன் பாடத்தைத் தானே மறந்துவிடுகிறது. ரப்பர் கத்தியைத் தட்டிவிடுவதும் மணிக்கட்டை முறுக்கி ஆளைக் கீழே தள்ளுவதும் வரிசையாக வருகின்றன. உதவியாளர் ஒத்துழைக்கிற வரையில்தான் அந்தப் பிடிகள் விழுகின்றன என்பது பார்க்கும்போதே தெரிகிறது. ஒரேயொரு பிற்பகல் பழகியவர் நிஜக் கத்திக்கு முன்னால் இவற்றை நம்பி நிற்பது ஆபத்து. போதாக்குறைக்கு வாசலில் மேஜை போட்டுப் பெப்பர் ஸ்ப்ரே விற்கிறார்கள், அதை எப்போது அடிக்கலாம் என்பதைச் சொல்லாமலேயே. உடனடி உயிராபத்து இல்லாத ஒரு தகராறில் பெப்பர் ஸ்ப்ரே அடித்தவர்கள் மீதான வழக்கை ரத்து செய்ய 2024-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் மறுத்ததோடு, அதை அபாயகரமான ஆயுதமாகவும் கருதியது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 37-ஆவது பிரிவு, காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருக்கும்போது தற்காப்பு உரிமை கிடையாது என்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்வதையும் அது அனுமதிப்பதில்லை. பொது இடத்தில் இருவர் அடித்துக்கொண்டு அமைதியைக் குலைத்தால், அதே சட்டத்தின் 194-ஆவது பிரிவின்படி இருவருக்குமே ஒரு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். முற்பகலில் சொன்ன எல்லாவற்றுக்கும் இதைவிட வலுவான ஆதாரம் வேண்டியதில்லை. இருந்தும் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

விலகிப் போகக் கூடாத இடம் எது என்பதைச் சொல்லாதது அதைவிடப் பெரிய குறை. விபத்தில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டிருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவின்படி ஓட்டுநர் அவருக்கு மருத்துவ உதவி கிடைக்க வழிசெய்ய வேண்டும். கூட்டத்தின் ஆத்திரம் போன்ற காரணங்களால் அது இயலாமல் போவதைச் சட்டமே ஏற்கிறது. அப்போதும் அருகிலுள்ள காவல் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். உரசலுக்கும் விபத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை விளக்கப் பத்து நிமிடம் போதும். கையில் குழந்தையோ உடன் வயதானவரோ இருக்கையில், அல்லது நெரிசலான நகரப் பேருந்துக்குள் எப்படி விலகுவது என்று ஒருவர் கேட்டதற்கு, நடத்துநரிடம் போங்கள் என்பதற்கு மேல் பதில் வரவில்லை.

கூடம் இரண்டாவது மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. வண்டி நிறுத்த இடமும் இல்லை என்பதால் ஹலசூரு (அல்சூரின் கன்னடப் பெயர்) மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடப்பதோ ஆட்டோ பிடிப்பதோ உத்தமம். முற்பகலுக்கு மட்டும் பாதிக் கட்டணம் வாங்குவீர்களா என்று கேட்டுப் பார்த்தேன், மறுத்துவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களை யாரும் தடுப்பதில்லை. சான்றிதழ் மட்டும் தரமாட்டார்கள்.