ஒரே வரியை மூன்று முறை வாசித்த மூன்று வருடம்

என்னிடம் இருப்பது ஒரே ஆஸிலேட்டர் (ஒலி அலையை உண்டாக்கும் பகுதி) உள்ள ஒரு சின்ன அனலாக் சிந்த், அதாவது மின்சுற்றால் ஒலி எழுப்பும் கீபோர்டு. 25 கட்டை. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இந்த ஊரின் சாட்ஸ்வொர்த் பக்கம் கல்யாணம், கோயில் பஜனை என்று வாசிக்கும் எங்கள் குழுவுக்கு அதை வைத்து ட்ராக் போட ஆரம்பித்தபோது எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "சத்தம் மெலிசா இருக்கே."

வழி கிடைத்தது மின்வெட்டால். 2023-ல் ஒரு சாயங்காலம், ஒரு லீட் வரியைப் பதிவு செய்து முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து வந்ததும், மனசுக்குப் பிடிக்காததால் அதே வரியை வேறு ட்ராக்கில் மறுபடி வாசித்தேன். பழையதை மியூட் செய்ய மறந்துவிட்டேன். சிந்த் ஆறிப்போய் சுருதி ஒரு துளி இறங்கியிருந்தது. இரண்டும் சேர்ந்து ஒலித்தபோது, இரண்டு நாதஸ்வரம் ஒன்றாக ஊதும்போது வருமே, அந்தக் கனம் வந்தது.

மறுவாரம் பஜனையில் ஆர்மோனியம் வாசிக்கும் தாத்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். "இது உனக்கு இப்பத்தான் தெரியுதா? என் பெட்டியில ரெண்டு ரீட் வரிசை. ரெண்டையும் அச்சு அசலா ஒரே சுதியில வச்சா பெட்டி ஊமையாயிடும்" என்றார்.

கணக்கு சுலபம். அரைச் சுர இடைவெளியை 100 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். 440 ஹெர்ட்ஸை 7 சென்ட் ஏற்றினால் சுமார் 441.8, இறக்கினால் 438.2. இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் வினாடிக்கு மூன்றரை முறை ஒலி எழுந்து அடங்கும். அந்த அசைவைத்தான் காது 'கனம்' என்று எடுத்துக்கொள்கிறது. 1996-ல் வந்த ரோலண்ட் ஜேபி-8000 சிந்தின் 'சூப்பர் சா' இதையே ஏழு சா அலைகளை (ரம்பப் பல் வடிவ அலைகள்) வைத்துச் செய்தது. நமக்கு இருப்பது ஒன்று. ஆகவே கையால்தான்.

நான் செய்வது இது: சிந்தை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கிச் சுருதி சேர்ப்பேன். முதல் டேக் (ஒருமுறை வாசித்துப் பதிவது) நேர் சுருதியில். அப்புறம் டியூன் நாப்பைத் தொட்டு 7 சென்ட் மேலே ஒன்று, கீழே ஒன்று; மூன்றும் முழுசாக வாசித்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டரை ஒரு மயிரிழை மாற்றுவேன். நேர் சுருதி நடுவில், மற்ற இரண்டும் இடமும் வலமும்.

சோம்பல் வந்த காலமும் உண்டு. ஒரே டேக்கை நகல் எடுத்து வேகத்தை மட்டும் கூட்டிப் பார்த்தேன். 7 சென்ட் என்பது 0.4 சதவீதம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். நாலு நிமிடப் பாட்டின் கடைசியில் நகல் கிட்டத்தட்ட ஒரு வினாடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது! நீளம் மாறாமல் சுருதியை மட்டும் மாற்றினால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் விரல் விழும் நேரமும் ஃபில்டர் அசைவும் இரண்டிலும் ஒன்றேதான்; ஒரே ஆள் கண்ணாடி முன் நிற்பதுபோல இருக்கும். அவசரத்துக்குப் பரவாயில்லை.

பேஸ், அதாவது பாட்டின் அடித்தள வரி, அந்த விஷயத்தில் நன்றாகவே அடிபட்டேன். அதற்கு நடு டேக் இல்லாமல் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டை மட்டும் வைத்தேன். 55 ஹெர்ட்ஸில் அதே 7 சென்ட் வித்தியாசம் அரை ஹெர்ட்ஸ்கூட வராது. இரண்டேகால் வினாடிக்கு ஒருமுறை அடித்தளமே காணாமல் போகும். க்கோம் இசை பிறந்த ஊர் இது, இங்கே பேஸில் யாரையும் ஏமாற்ற முடியாது. எங்கள் ட்ரம்ஸ் தம்பி கேட்டவுடனே சொன்னான்: "அண்ணா, பேஸ் மூச்சு வாங்குது." அன்றிலிருந்து பேஸ் ஒரே டேக்தான், நட்ட நடுவில்.

அடுத்த பாடம் காவடித் திருவிழாவில். ஹெட்ஃபோனில் விரிந்து கிடந்த பேட் (பின்னணியில் நீண்டு நிற்கும் ஒலி), கோயில் குழாய் ஸ்பீக்கரில் தள்ளாடியது. அங்கே இடம், வலம் எல்லாம் ஒன்றுதான். ஓர டேக்குகளை 6 டெசிபல் குறைத்துப் பார்த்தேன். அலையின் உயரத்தில் அது பாதி. இரண்டு பாதி சேர்ந்தால் நடு டேக்கைச் சில கணங்களில் அழித்துவிடலாம். இப்போது 9 குறைக்கிறேன். மோனோவில், அதாவது இடம் வலம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, கேட்காமல் எதையும் வெளியே கொடுப்பதில்லை.

கமகம் உள்ள வரிகளுக்கு இந்த முறை ஆகவே ஆகாது. சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்டில் மூன்று முறை இழுத்தால் மூன்று இழுப்பும் மூன்று பாதையில் போய், சுரம் அழுக்காகிவிடும். நீண்ட கார்வை, மெதுவான பேட், பாடகர் மூச்சு விடும் இடத்தில் வரும் பதில் வரி, இவற்றில்தான் இது ஜொலிக்கும். ஒருமுறை ஆசையில் 15 சென்ட் வரை போனேன். "எதைப் பிடிச்சுப் பாடறதுன்னே தெரியல தம்பி" என்று பாடும் அக்கா மைக்கைக் கீழே வைத்துவிட்டார். நியாயம்தான்.

நேரச் செலவை மறைக்க மாட்டேன். எல்லா வரிக்கும் மூன்று மடங்கு உழைப்பு. அதனால் ஒரு பாட்டில் இரண்டு இடத்துக்கு மேல் செய்வதில்லை. 2024 மார்ச்சுக்குப் பிறகு மின்வெட்டும் பெரும்பாலும் நின்றுவிட்டது, சிந்த் தானாக ஆறிச் சுருதி விலகிக் கொடுக்கும் சலுகையும் போயிற்று.

இப்போது தாத்தாவின் ஆர்மோனியப் பெட்டியையே இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக லேயர் செய்து பார்க்கிறோம். அதில் சுருதி நாப் கிடையாது. அதனால் பாட்டின் வேகத்தைச் சுருதியோடு சேர்த்து 0.4 சதவீதம் குறைத்து ஓட்டி, அதன்மேல் அவரை வாசிக்கச் சொல்லி, பிறகு பழைய வேகத்துக்குத் திருப்பினால் அவர் வாசித்தது 7 சென்ட் ஏறியிருக்கும். டேப் காலத்து வித்தை. போன ஞாயிற்றுக்கிழமை முதல் டேக் எடுத்தோம். பாதியில் கையை எடுத்துவிட்டு, "ட்ராக் சுதி இறங்கியிருக்கு, முதல்ல அதைச் சரி பண்ணு" என்றார்.